மொத்தமாக ஒரு மன்னிப்பு

கண்ணாடிக் கடையின் பெரிய மருமகள் அன்று காலையிலிருந்து துடைத்த லென்ஸையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன வார அத்தியாயத்தில் அவளைச் சபை வாசலில், குடையைத் தேடுகிற சாக்கில் நிற்கவிட்டு வந்தோம். குடை அவள் கையில்தான் இருந்தது. உள்ளே போதகர் பேசியதைக் கேட்டபிறகு, கையில் இருப்பதும் கண்ணுக்குத் தெரியாத நிலைமை.

"கண்ணீர் வந்துட்டா மனந்திரும்பிட்டோம்னு நினைச்சுக்கிறோம். வெங்காயம் உரிச்சாலும்தான் கண்ணீர் வருது" என்று போதகர் சொன்னபோது சபையே சிரித்தது. பெரியவளும் சிரித்து வைத்தாள். பக்கத்தில் இருந்த சின்ன மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.

மேடை ஓரத்தில் கீபோர்டு துணி போர்த்திக் கிடந்தது. அதை வாசிக்கும் பியானோ டீச்சரின் வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருந்தது. டீச்சர் படியில் தவறி விழுந்ததற்குக் காரணம் புதுக் கண்ணாடி. அதில் வலது கண்ணுக்கான லென்ஸ் இடதிலும், இடது கண்ணுக்கானது வலதிலும் மாறியிருந்தன. மாற்றி மாட்டியவள் சின்னவள். ஊரறிந்த கதை இதுதான்.

நமக்குத் தெரிந்த கதை வேறு.

அந்த லென்ஸ்களை வெட்டிய அன்று பட்டறை விளக்கு மக்கர் பண்ணியது. பெரியவள் ஜன்னல் வெளிச்சத்துக்காக நாற்காலியை மேஜையின் எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். தட்டில் இரண்டு குழிகள் உண்டு. ஒன்று வலது லென்ஸுக்கு, ஒன்று இடது லென்ஸுக்கு. எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் தட்டு தலைகீழாகிவிடும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. பழகின கை பழகின பக்கமே வைத்தது.

அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருக்கலாம். வலது லென்ஸில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பது கடை வழக்கம். ஃபிரேமில் மாட்டிய பிறகுதான் அதைத் துடைக்க வேண்டும். ஆனால், 'பெரியவ கை பட்ட லென்ஸ்ல ஒரு தூசி இருக்காது' என்று மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அவளுக்குத் துடைப்பது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. புள்ளியையும் சேர்த்துத் துடைத்து, பளபளவென்று தட்டை நீட்டினாள்.

அக்கா கொடுத்தது என்பதால் சின்னவள் மெஷினில் வைத்துப் பவர் பார்க்கவில்லை. அப்படியே மாட்டிக் கொடுத்தாள். "தரை சாயுற மாதிரி இருக்கும்மா" என்று டீச்சர் போனில் சொன்னபோது, கடையில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வதையே அவளும் சொன்னாள். "புதுக் கண்ணாடி அப்படித்தான் டீச்சர், பழகிடும்."

பழகுவதற்குள் டீச்சர் விழுந்துவிட்டார்.

கண்ணாடி கடைக்குத் திரும்பி வந்த அன்று, பெரியவளுக்கு நாற்காலியை மாற்றிப் போட்டது ஞாபகம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். "நான்தான் மாமா. தட்டுலேர்ந்து எடுக்கும்போது மாத்தி எடுத்திருக்கேன்" என்று தேம்பினாள். அழுகிறவளை இடைமறித்து எப்படிப் பேசுவது? பெரியவள் பேசவில்லை. அன்று பேசாதது மறுநாள் பேசக் கஷ்டமாகி, அதற்கு மறுநாள் இன்னும் கஷ்டமாகி, இப்போது அது அவள் தொண்டையில் குடித்தனமே பண்ணிக்கொண்டிருக்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், சின்னவள் சும்மா அழுதுவிட்டு உட்காரவில்லை. தினமும் மத்தியானம் டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். துணி துவைத்தாள், பாத்திரம் கழுவினாள், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். செய்யாத தப்புக்கு ஒருத்தி இப்படி உருகிக்கொண்டிருக்க, செய்தவள் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை, சின்னவள் பட்டறைக்குள் வந்து தன் ஏப்ரனை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"என்ன இது?" என்றாள் பெரியவள்.

"இனிமே லென்ஸ் வேலைக்கு வரலக்கா. மாமாகிட்ட சொல்லிட்டேன். முன்னாடி ஃபிரேம் அடுக்கி வெச்சுக்கிட்டு இருந்துடறேன்."

"பைத்தியமா உனக்கு? எவ்வளவு ஆசையா கத்துக்கிட்ட!"

"ஆசை இருந்தாப் போதுமா? இன்னொருத்தர் என்னால விழுந்தா?" சின்னவள் ஏப்ரனின் மடிப்பை நீவினாள். "நாளைக்கு ஆராதனையில எழுந்து நின்னு சபைகிட்ட மன்னிப்பு கேக்கப் போறேன். போதகர் சரின்னுட்டார்."

பெரியவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"எதுக்குடி அதெல்லாம்? டீச்சரே மன்னிச்சுட்டாங்களே!"

"டீச்சர் மன்னிச்சுட்டாங்கக்கா. எனக்குத்தான் ஆண்டவர் முன்னாடி நிக்க முடியல. ஜெபம் பண்ண உக்காந்தா அவங்க கைதான் தெரியுது."

முன்கடையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "விடும்மா பெரியவளே! அவ மனசு லேசாகட்டும். நல்ல காரியம்தானே!"

அவர் சபை மூப்பர். நல்ல காரியத்துக்கு அவர் குறுக்கே நின்றதில்லை, அது அவருக்குச் செலவு வைக்காதவரை.

பெரியவள் குனிந்து துணியை எடுத்தாள். எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். நாளைக்குக் காலையில் ஒரு குற்றமும் செய்யாத பெண் அத்தனை பேர் நடுவில் எழுந்து நிற்பாள். தான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கைக்குட்டை நீட்ட வேண்டும். நினைக்கவே காது சூடேறியது.

மத்தியானம் இரண்டு பேருமாக டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். புதிதாகச் செய்து கொடுத்த கண்ணாடி காதில் அழுத்துகிறதாம், வளைத்துச் சரிபண்ண வேண்டும். வழக்கமாகச் சின்னவளே செய்துவிடுவாள். "நீங்களே தொடுங்கக்கா, நான் இனிமே தொடமாட்டேன்" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனாள்.

டீச்சர் தனிக்கட்டை. முன்னறையில் பாதியை பியானோ அடைத்துக்கொண்டிருந்தது. அதன் மூடிமேல் இப்போது மருந்துப் பாட்டில்களும் மடித்த துணிகளும் இருந்தன. சின்னவள் உரிமையோடு சமையலறைக்குள் போய், டீச்சருக்குத் தலைகுளிக்க வெந்நீர் வைத்தாள்.

பெரியவள் சின்ன ஸ்க்ரூடிரைவரோடு டீச்சர் எதிரில் உட்கார்ந்தாள். டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"உன் ஓரகத்தியைக் கொஞ்சம் பாத்துக்கோம்மா. நேத்து துணி மடிச்சுக்கிட்டே கேக்கறா, 'டீச்சர், இது நான் சாகற வரைக்கும் என்கூடவே வருமா'ன்னு. சின்னப் பொண்ணு கேக்கற கேள்வியா அது?"

"தூங்கறதில்ல டீச்சர்" என்றாள் பெரியவள். யார் தூங்குவதில்லை என்று அவள் சொல்லவில்லை.

"விரல் பழையபடி ஓடுமான்னு டாக்டர் உறுதியாச் சொல்லல. அவகிட்ட அதைச் சொல்லிடாதே. தாங்கமாட்டா."

ஸ்க்ரூ விரலிடுக்கிலிருந்து நழுவி நாற்காலிக்கடியில் ஓடியது. பெரியவள் மண்டியிட்டுத் தேடினாள். மண்டியிட்டபடியே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இதைவிட வசதியான இடம் கிடைக்குமா?

"டீச்சர்..."

"என்னம்மா?"

"காதுல எந்தப் பக்கம் அழுத்துது?"

தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. போதாததற்கு மனசு வக்கீல் வேலை பார்த்தது. 'பழகிடும்னு போன்ல சொன்னது யாரு? அவதானே. மெஷின்ல வெச்சுப் பாக்காம விட்டது யாரு? அதுவும் அவதானே. பாதித் தப்பு அவளோடதுதான்.' உள்ளே சின்னவள் வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்துப் பார்த்து விளாவுகிற சத்தம் கேட்டது. வக்கீல் வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் பெரியவள் ஒரு யோசனை செய்தாள். யோசனை என்பதைவிட, தப்பிக்க அந்தக் குடும்பத்துக்கே உரிய ஒரு குறுக்குச் சந்து என்று சொல்லலாம்.

மறுநாள் சபையில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து. அந்த வீட்டில் அதற்கு முந்தின நாள் குடும்ப ஜெபத்தில் எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார்கள். ஆனால் எதற்கு என்று சொல்லக்கூடாது. ஒரு காலத்தில் சொல்லத்தான் செய்தார்கள். அண்ணன் தம்பி இருவரும் விவரமாகச் சொல்லப் போய், பழைய விவகாரங்களெல்லாம் கிளம்பி, ஜெபம் முடிவதற்குள் கைகலப்பு வரை வந்துவிட்டது. அன்றிலிருந்து மாமனார் சட்டம் போட்டார். "விவரம் வேண்டாம். மொத்தமா கேளுங்க, மொத்தமா மன்னிச்சுக்கோங்க. ஆண்டவருக்குத் தெரியாததா?" வீடு அமைதியானது. எந்தப் புண் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத அமைதி.

"ஏம்மா" என்றாள் பெரியவள், நடந்துகொண்டே. "நான் உனக்கு ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மனசுல வெச்சுக்காதே. மன்னிச்சிடு."

சின்னவள் நின்றுவிட்டாள். கண் கலங்கி, பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களா? உங்ககிட்ட என்னக்கா தப்பு இருக்கு? இந்த வீட்டுல ஒரு வார்த்தை குத்திப் பேசாதவங்க நீங்க ஒருத்தர்தான். நீங்க ஆறுதல் சொல்லாட்டி நான் என்னைக்கோ எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்."

பிடித்த கை சூடாக இருந்தது. பெரியவளுக்கு அதை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. கேட்ட மன்னிப்பு கிடைத்துவிட்டது. கிடைத்தது இன்னொருத்தியின் வீட்டு விலாசத்துக்கு வந்த பார்சல் மாதிரி கையில் கனத்தது.

சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்தார்கள். மாடி அறையில் வட்டமாக உட்கார்ந்தார்கள்: மாமனார், பெரியவளின் கணவன், பெரியவள், சின்னவள். சின்னவளின் கணவன் வேலையாக வெளியூர் போயிருந்தான். பாட்டு முடிந்தது. மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சொல்லாலயோ செயலாலயோ யாரையாவது நோகடிச்சிருந்தா எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சோம்" என்றார்கள் கோரஸாக.

அடுத்து கணவன். அதே வாக்கியம், கொஞ்சம் வேகமாக. "மன்னிச்சோம்."

பெரியவளின் முறை. வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துவிடலாம். அரை நிமிஷ வேலை.

"சொல்லாலயோ செயலாலயோ..." என்று ஆரம்பித்தாள். நின்றாள். மறுபடி ஆரம்பித்தாள். "சொல்லாலயோ..."

"என்ன, மறந்துபோச்சா?" என்று கணவன் சிரித்தான்.

"டீச்சர் கண்ணாடியில லென்ஸை மாத்தினது நான்" என்றாள் பெரியவள்.

அவள் சின்னவளின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எதிர்ப்பக்கம் உக்காந்து வேலை பாத்தேன். தட்டுல மாத்தி வெச்சேன். புள்ளியையும் துடைச்சுட்டேன். கண்ணாடி திரும்பி வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். இவ அழும்போதே தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

முதலில் சுதாரித்தவர் மாமனார். அவர் முகம் வெளுத்து, சிவந்து, பிறகு பழக்கமான சாந்தத்துக்கு அவசரமாகத் திரும்பியது.

"சரிம்மா. சொன்னியே, அதுவே பெரிசு. மன்னிச்சாச்சு. எல்லாரும் கண்ணை மூடுங்க, ஜெபிப்போம்."

"யாரு மாமா மன்னிச்சது?"

சின்னவளின் குரல் அப்படி ஒலித்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"நான் சாப்பிட்ட சோறு உள்ள இறங்கல. ஆசைப்பட்டுக் கத்துக்கிட்ட வேலையை இன்னைக்குக் காலையில மடிச்சு வெச்சேன். அதைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. என்னைக் கேக்காம யாரு மாமா மன்னிச்சது?"

"உக்காரும்மா. வீட்டுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்."

"இவ நாளைக்கு எழுந்து நிக்கக்கூடாது மாமா" என்றாள் பெரியவள். "நான் நிக்கணும்."

மாமனாரின் சாந்தம் அத்தோடு கழன்றது.

"என்ன பேசற நீ? சின்னவ பண்ணினான்னா, புதுசாக் கத்துக்கிற பொண்ணு, கை தவறிப்போச்சுன்னு நாலு பேர் மன்னிச்சுட்டுப் போவாங்க. நீ பண்ணினேன்னா கடையில அப்புறம் யாரை நம்பிக் கண்ணைக் கொடுப்பாங்க? உன் கையைச் சொல்லித்தானே இந்தக் கடையே நடக்குது? ஆண்டவர்கிட்ட அழு, ராத்திரி பூரா அழு, நான் வேண்டாங்கல. சபையில வாயைத் திறக்காதே!"

இத்தனை வருஷமாகத் தன் கையைப் புகழ்ந்த அதே வாய். பெரியவளுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஏனென்றால் அவர் பேசுவதையெல்லாம் இத்தனை நாளாக அவளும் தனக்குள் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

சின்னவள் அவளை நேராகப் பார்த்தாள். "டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

சின்னவள் படியிறங்கிப் போனாள். பெரியவள் பின்னாலேயே ஓடினாள். "ஏய், எங்க போறீங்க ரெண்டு பேரும்?" என்று கணவன் கத்தியது வாசல்வரை வந்தது.

தெருவில் சின்னவள் முன்னால், பெரியவள் பின்னால். எப்போதும் தோளுரசி நடக்கிறவர்கள். 'நில்லுடி' என்று கூப்பிட வாய் வந்தது. அந்த 'டி' போட இப்போது தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் பெரியவள் விழுங்கிக்கொண்டாள்.

டீச்சர் வீட்டு வாசல்படிகளுக்குக் கீழேயே சின்னவள் நின்றுவிட்டாள்.

"நான் மேல வரல. நான் ஏறினது போதும். நீங்க ஏறுங்க."

பெரியவள் ஏறினாள். டீச்சர் விழுந்த படி எது என்று அவள் இதுவரை கேட்டதுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மணியை அழுத்தினாள்.

டீச்சர் இடது கையால் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக் கதவைத் திறந்தார். "என்னம்மா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?"

"டீச்சர், லென்ஸை மாத்தி வெச்சது நான். அவ இல்ல. ஆரம்பத்துலேர்ந்தே எனக்குத் தெரியும். அவ தலையில விழட்டும்னு விட்டுட்டேன்."

'மன்னிச்சிடுங்க' என்ற வார்த்தையை அவள் சேர்க்கவில்லை. அதைச் சொன்னால் உடனே ஒரு பதிலைக் கேட்டு வாங்குகிற மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

டீச்சர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"கை தவறினது போகட்டும். அது எனக்கும் மேடையில நடந்திருக்கு. ஆனா அந்தப் பொண்ணு என் எதிர்ல அழுதபோதெல்லாம் நீ தெரிஞ்சுக்கிட்டே இருந்தியே..." அவர் மாவுக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டார். "அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கு இப்பத் தெரியலம்மா."

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் டீச்சர்."

டீச்சர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஏன் கீழயே நிக்கிற? வா உள்ள" என்று சின்னவளைக் கூப்பிட்டார். சின்னவள் அசையவில்லை. டீச்சர் கதவைச் சாத்தாமல் உள்ளே போனார். அந்தத் திறந்த கதவு தனக்கும் சேர்த்தா, சின்னவளுக்கு மட்டுமா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை.

கையில் போன் அதிர்ந்தது. கணவன். எடுத்ததும் கீழே வரை கேட்கிற மாதிரி கத்தினான். "சீக்கிரம் வா. அப்பா போதகருக்குப் போன் போட்டுக்கிட்டிருக்கார். நாளைக்கு நம்ம வீட்டுலேர்ந்து யாரும் பேசலன்னு சொல்லப்போறார்."

பெரியவள் போனை அணைத்தாள். படியிறங்கி, சின்னவளுக்கு ஒரு படி மேலேயே நின்றாள்.

"மாமா விடமாட்டார் போலிருக்கு" என்றாள்.

"கேட்டுது."

"விடாட்டியும் எழுந்து நிப்பேன்."

சின்னவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு உங்களை மன்னிக்கணும்னு தோணல அக்கா. பொய் சொல்ல மாட்டேன்."

"வேண்டாம்."

"ஆனா நாளைக்கு உங்க பக்கத்துலதான் உக்காருவேன்" என்றாள் சின்னவள். "நீங்க பாதியில மழுப்பினீங்கன்னா, மீதியை நான் எழுந்து சொல்லிடுவேன்."